ஆடியில் கிடைத்த அறை

ஆடி மாதத்தில் பெங்களூரில் வீடு தேடிப் பார்த்திருக்கிறீர்களா? தேடாதீர்கள். நான் தேடினேன். தொண்ணூறுகளின் பின்பாதியில், முதுகலை வேதியியலில் இடம் கிடைத்துவிட்டது என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்துவிட்டு, ஒரு பெட்டியும் ஒரு பாயுமாக வந்து இறங்கியவள் நான். ஹாஸ்டலில் இடமில்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று கையை விரித்துவிட்டார்கள். வகுப்பு தொடங்க இன்னும் இரண்டு வாரம் இருந்தது. கல்லூரி வளாகத்தைச் சுற்றி இத்தனை தெருக்கள் இருக்கின்றனவே, ஒரு அறை கிடைக்காமலா போய்விடும் என்று நினைத்தேன்.

அம்மா என்னை அனுப்பியதே பெரிய விஷயம். எங்கள் ஊர் திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டவுன். அங்கே ஒரு மெட்ரிக் பள்ளியில் எனக்கு டீச்சர் வேலை தயாராகக் காத்திருந்தது. "குடும்பம் இருக்கிற வீடா, பொம்பளை இருக்கிற வீடா, நடந்து போயி நடந்து வர்ற தூரத்துல கிடைச்சா படி. கிளாஸ் ஆரம்பிக்கிறதுக்குள்ள கிடைக்கலையா, பெட்டியைத் தூக்கிட்டு வந்துடணும். அப்புறம் ஒரு பேச்சு பேசக் கூடாது" என்று சொல்லித்தான் பஸ் ஏற்றினாள். அப்பா பக்கத்தில் நின்று தலையாட்டினார். வீட்டு விஷயம் என்றால் அவர் வாயில் எப்போதும் கொழுக்கட்டைதான். ஆக, எனக்கு அறை கிடைக்கவில்லை என்றால் படிப்பும் கிடையாது.

பெங்களூரிலேயே ஈஜிபுராவில் அம்மாவுக்குத் தங்கை முறையில் ஒரு சித்தி இருந்தாள். ஒரே அறை, ஒரு தடுப்பு, அதற்குள் சித்தி, சித்தப்பா, இரண்டு பிள்ளைகள், ஒரு தையல் மெஷின். அதில் நானும் சேர்ந்தேன். "உன் வீடு மாதிரி நினைச்சுக்கோ" என்றாள் சித்தி. நல்லவள்தான், ஆனால் நான் கால் நீட்டினால் மெஷின் இடித்தது, மெஷினை நகர்த்தினால் சித்தப்பா வெளியே படுக்க வேண்டியிருந்தது. மனுஷன் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கூச்சமாக இருந்தது.

காலையில் இட்லியை விழுங்கிவிட்டுக் கிளம்பினால் மதியம் வரைக்கும் தெருத் தெருவாக நடை. கேட்டைத் தட்டினால் முதல் கேள்வி, "ஒப்ளேனா?" தனியாகவா என்று அர்த்தம். ஆமாம் என்றால் பாதி கேட் அப்போதே மூடிக்கொள்ளும். மீதிக் கேட்டில் வெஜ்ஜா நான்வெஜ்ஜா என்று கேட்பார்கள். அதையும் தாண்டினால் எந்த ஊர் என்ற கேள்வி. தமிழ்நாடு என்றதும் ஒரு சிலர் முகத்தில் ஒரு மாற்றம் வரும் பாருங்கள், காவேரித் தண்ணியை மொத்தமும் நானே சொம்பில் மொண்டு குடித்துவிட்டேன் என்பதுபோல். ஒரு வீட்டில் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லித் தேறிவிட்டேன். கடைசியில் அந்த அம்மாள், "ஆனா ரூம் காலி இல்லையே" என்றாள். அடிப் பாவி, அதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

ஒரு வீட்டு புரோக்கர்தான் எனக்கு விஷயத்தை விளக்கினார். "மேடம், இது ஆஷாடம். யாரும் வீடு மாத்த மாட்டாங்க. காலி பண்றவன் பண்ணினாத்தானே உங்களுக்கு வீடு?" என்றார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. நம் ஊரில் ஆடியில் யாரும் குடி போக மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாததா என்ன? எங்கள் வீட்டில் அதைத் தெரிந்த அளவு வேறு எங்கும் தெரிந்திருக்காது. ஒரு நகரம் முழுக்க அப்படி அசையாமல் உட்கார்ந்திருக்கும் என்றுதான் நான் நினைக்கவில்லை.

அப்படி அலைந்துகொண்டிருந்தபோதுதான் தொம்மலூரில், பழைய ஊர்ப் பக்கம், அந்த வீடு கிடைத்தது. முன்னால் சொந்தக்காரர்கள், பின்கட்டில் தனி வாசலோடு ஒரு அறை, ஒரு சின்ன சமையல் மேடை, வெளியே துவைக்கிற கல்லும் தண்ணீர்த் தொட்டியும். வளாகத்துக்குப் பொடிநடையாகப் போய்விடலாம். வீட்டுக்காரம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு, கழுத்தில் மஞ்சள் மணக்கிற தாலிச் சரடு. நான் தட்டுத் தடுமாறிக் கன்னடத்தில் ஆரம்பிக்க, "அட, தமிழே பேசும்மா. எங்க மாமனார் காலத்துலயே இங்க வந்தவங்க நாங்க" என்று சிரித்தாள். எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

அவள் கணவர் சர்க்கார் ஆபீசில் பெரிய வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து முன்னறைக் கட்டிலில் கிடந்தார். பேச்சு குழறும். என்னைப் பார்த்து ஒரு கையைத் தூக்கினார், நானும் வணக்கம் சொன்னேன். ஒரே மகன் புனேயில். "வீட்டுல ஒரு சின்னப் பொண்ணு நடமாட்டம் இருந்தா நல்லாயிருக்கும்மா. சீக்காளி இருக்கிற வீடு வெறிச்சுன்னு கிடக்கக் கூடாது" என்றாள். தனியாகவா என்று கேட்கவில்லை, வெஜ்ஜா என்றும் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "அமாவாசை கழிஞ்சு வர்ற வெள்ளிக்கிழமை வந்து பால் காச்சிடு. அன்னைக்கு வரலேன்னா வேற ஒருத்தர் கேட்டுட்டிருக்காங்க, அவங்களுக்குக் குடுத்துடுவேன்."

இங்கேதான் சிக்கல். நமக்கு மாதம் சூரியக் கணக்கு. கன்னடக்காரர்களுக்கு நிலாக் கணக்கு. அமாவாசை வந்ததும் ஆஷாடம் முடிந்து அவர்களுக்குச் சிராவணம் பிறந்துவிடும், கல்யாணம் காட்சி எல்லாம் தொடங்கிவிடும். நமக்கோ ஆடி அதற்குப் பிறகும் இழுத்துக்கொண்டு கிடக்கும். அந்த வருஷம் அமாவாசை ஆடியின் தொடக்கத்திலேயே வந்தது. வீட்டுக்காரம்மா பேசியது தமிழ், ஆனால் அவள் வீட்டுப் பஞ்சாங்கம் கன்னடப் பஞ்சாங்கம். அந்த அமாவாசை அன்றைக்குப் பெண்கள் புருஷனுடைய ஆயுசுக்காக விரதம் இருந்து, அவர் காலில் பூப் போட்டுக் கும்பிட்டு, கையில் மஞ்சள் நூல் கட்டிக்கொள்வார்கள். அவளும் அதற்குத்தான் காத்திருந்தாள். அந்தப் பூஜையும் முடிந்து, சிராவணம் முதல் வெள்ளிக்கிழமை வீட்டில் ஒரு கன்னிப் பெண் பால் பொங்க வைத்தால் அவருக்கு நல்லது என்று அவள் நம்பினாள்.

அன்று சாயங்காலமே எஸ்.டி.டி. பூத்திலிருந்து எங்கள் எதிர்வீட்டு போனுக்கு அடித்தேன். அம்மா மூச்சிரைக்க ஓடி வந்தாள். வீட்டைப் பற்றிச் சொல்லச் சொல்ல, "நல்லதாச்சு, நல்லதாச்சு" என்றாள். வெள்ளிக்கிழமை குடி போகணும் என்றேன்.

"ஆடியிலயாடி?" என்றாள்.

அந்த ஒரு வார்த்தைக்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். எனக்கு முன்னால் ஒரு அண்ணன் பிறந்திருந்தான். நடக்கப் பழகின வயது. அப்பாவுக்கு மாற்றல் உத்தரவு ஆடியில் வந்தது, உடனே சேர வேண்டும் என்றார்கள். அம்மா வேண்டாம் வேண்டாம் என்று மன்றாடியிருக்கிறாள். போய்த்தான் ஆகவேண்டும் என்று புது ஊரில் போய்ப் பால் காய்ச்சினார்கள். ஆவணி பிறப்பதற்குள் அண்ணன் இல்லை. துக்கத்துக்கு வந்த ஒருத்தி, "ஆடியில குடி போனா வேற என்ன ஆகும்?" என்று அம்மா காதுபடவே சொல்லிவிட்டுப் போனாளாம். அவள் நாக்கில் கொள்ளிக்கட்டை வைக்க. இது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேச மாட்டோம். அண்ணனுடைய போட்டோ ஒன்று பீரோவில் புடவைக்கு அடியில் இருந்தது.

இருந்தாலும் நான் விடவில்லை. "இதை விட்டா வீடு கிடைக்காதும்மா. கிளாஸ் ஆரம்பிக்கப் போவுது" என்று கத்தினேன். பூத்துக்காரர் திரும்பிப் பார்த்தார். அம்மா யோசித்து யோசித்து ஒரு வழி சொன்னாள். "சரி, போய் இரு. பாயை விரிச்சுப் படுத்துக்கோ. ஆனா அடுப்பு மட்டும் பத்த வெக்காதே. பாலும் காச்சாதே, ஒரு வாய் வெந்நீர்கூட வெக்காதே. அடுப்பு எரியாத வரைக்கும் அது உன் வீடு இல்ல, நீ விருந்தாளி. ஆவணி ஒண்ணாம் தேதி நானே வந்து பால் காச்சுறேன்."

எனக்கு அது பெரிய சாமர்த்தியமாகப் பட்டது. படிப்பும் தப்பித்தது, ஆடியும் தப்பித்தது. சித்தி ஒரு புதுத் திரி ஸ்டவ்வும் ஒரு பால் குக்கரும் வாங்கிக் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை காலையில் அதையெல்லாம் எடுத்துக்கொண்டு போனபோது வீட்டு வாசலில் ஆட்டோ நின்றது. வீட்டுக்காரருக்கு மூச்சுத் திணறல், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறார்கள். வீட்டுக்காரம்மா அந்த அவசரத்திலும் சாவியை என் கையில் வைத்து, "பால் காச்சிக்கோம்மா, நல்ல நேரம் போயிடப் போவுது" என்று சொல்லிவிட்டு ஏறினாள். நான் பாயை விரித்தேன். ஸ்டவ்வை மேடை மூலையில் வைத்தேன், அதன்மேல் செய்தித்தாளைப் போட்டு மூடினேன்.

வகுப்பு தொடங்கியது. பகலெல்லாம் ஆய்வகத்தில் பர்னரைப் பற்ற வைப்பதும் அணைப்பதுமாக இருந்தேன். வீட்டுக்கு வந்தால் பன்னும் வாழைப்பழமும். சில நாள் சித்தி டப்பாவில் புளிச்சோறு கட்டித் தருவாள். பேராசிரியர் எரிதல் வினையைப் பற்றிப் பாடம் எடுக்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். ஒரு நெருப்புக்குச்சியைக் கிழிக்க முடியாதவள் எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படிக்கிறேன், வெட்கக்கேடு.

வீட்டுக்காரம்மா அவரை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பக் கூட்டி வந்திருந்தாள். முன்னைக்கு இப்போது தேவலை என்றாள். பின்கட்டுப் பக்கம் துணி காயப்போட வந்தவள் ஒரு நாள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏம்மா, நீ வந்து இத்தனை நாளாச்சு, தொட்டிக்கிட்ட ஒரு பாத்திரம்கூட கழுவினதை நான் பார்க்கலையே?"

நான் முழித்தேன். அவள் நேராக உள்ளே வந்து செய்தித்தாளை எடுத்துப் பார்த்தாள். ஸ்டவ்வின் திரி கடையில் வாங்கின வெள்ளையாக அப்படியே இருந்தது. அவள் அதை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"பால் காச்சலையா?"

"இல்லைங்க ஆன்ட்டி. ஆவணியில அம்மா வந்து..."

"அடுப்பே பத்த வெக்கலையா? ஐயோ தேவரே! ஆள் இருக்கிற வீட்டுல அடுப்பு எரியாம இருந்தா அது எந்த வீடும்மா? எந்த வீட்டுல அடுப்பு எரியாது, உனக்குத் தெரியாதா?"

தெரியும். சாவு வீட்டில்தான் அடுப்பு எரியாது. பிணம் எடுத்து, காரியமெல்லாம் ஆகிற வரைக்கும் அக்கம்பக்கத்தார் காபியும் சோறும் கொண்டுவந்து கொடுப்பார்கள். இது எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் அம்மா சொன்னபோது அது என் மண்டையில் உறைக்கவில்லை, அம்மாவுக்கும் உறைக்கவில்லை. எங்களுக்கு எங்கள் ஆடிதான் பெரிதாக இருந்தது.

நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணனைப் பற்றி, மாற்றல் உத்தரவைப் பற்றி, துக்கத்துக்கு வந்தவள் சொன்னதைப் பற்றி. அவள் பொறுமையாகக் கேட்டாள். கேட்டு முடித்ததும் அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. ஆனால் மனசு இளகவில்லை. "உங்கம்மா பயம் எனக்குப் புரியுதும்மா. எனக்கும் ஒரு பயம் இருக்குல்ல? அவர் அங்க மூச்சை இழுத்துக்கிட்டுக் கிடக்கார். நாளைக்குக் காலையில இந்த அடுப்புல பால் பொங்கணும். இல்லேன்னா சாவியைக் குடுத்துட்டுக் கிளம்பு. எனக்கு உன்மேல கோவம் ஒண்ணும் இல்ல."

மறுபடி பூத்து. மறுபடி எதிர்வீட்டு போன். அம்மா முழுக்கக் கேட்டுவிட்டு, "உன் இஷ்டம்" என்றாள். எங்கள் அம்மா வாயிலிருந்து உன் இஷ்டம் என்று வந்தால் அது கண்டிப்பாகக் கூடாது என்று அர்த்தம். "என் இஷ்டம்னா என்னம்மா? வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லேன்" என்று கத்தினேன். "உனக்கு ஒரு பிள்ளை பொறந்து, அதைக் கையில தூக்கிக் குடுத்துட்டு அப்புறம் வந்து பேசு" என்றாள் அவள். சொன்ன மாத்திரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டிருப்பாள், போன் வழியாக எனக்கு அது தெரிந்தது. அப்புறம் நான் வைத்துவிட்டேன்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இரண்டு பேரும் தங்கள் பயத்தை என் தலையில் ஏற்றிவிட்டார்கள். நான் பற்ற வைத்தால் ஒருத்தி செத்துப் பிழைப்பாள். வைக்காவிட்டால் இன்னொருத்தி. எனக்கு என்ன நம்பிக்கை என்று ஒருத்தியும் கேட்கவில்லை. எனக்கு ஒரு நம்பிக்கையும் இல்லை. ஆனாலும் தீப்பெட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தால் பயமாகத்தான் இருந்தது. படிப்பு முக்கியம், காலையில் பற்ற வைத்துவிடுவது, அம்மாவை அப்புறம் சமாளித்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். விடிந்ததும் முதல் வேலையாகப் போய்ப் பால் பாக்கெட் வாங்கினேன்.

திரும்பி வரும்போது கேட் திறந்து கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஓடினார். முன்னறையிலிருந்து வீட்டுக்காரம்மாவின் அழுகுரல் கேட்டது. நான் பால் பாக்கெட்டோடு வாசலிலேயே நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டு அம்மாள் என்னிடம் வந்தாள். "அவங்க வீட்டுல அடுப்பு பத்த வெக்கக் கூடாது. எங்க வீட்டுல கேஸ் தீர்ந்துபோச்சு. நீதான் பின்னாடி குடியிருக்கிறவ இல்ல? கொஞ்சம் காபி போட்டு எடுத்துட்டு வாம்மா, பாவம், ராத்திரியெல்லாம் ஒண்ணும் சாப்பிடலையாம் அவங்க" என்றாள்.

என்ன செய்வேன், சொல்லுங்கள். போனேன். திரியை ஏற்றினேன். இரண்டு குச்சி அணைந்துபோனது. மூன்றாவது பிடித்துக்கொண்டது. அந்த அறையில் முதல் பால் அப்படித்தான் காய்ந்தது, ஆடியிலேயே, சாவு வீட்டுக்குக் காபி போடுவதற்காக. நான் அழுத அழுகையில் பால் பொங்கினதையே பார்க்கவில்லை. மண்ணெண்ணெய் வாசனையும் தீய்ந்த பால் வாசனையும் அறை முழுக்க நிறைந்தது.

டம்ளரைக் கொண்டுபோய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் டம்ளரைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"இப்பவாவது பத்த வெச்சியே" என்றாள்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள், வாங்கிக் குடிக்கவும் செய்தாள். எனக்குத்தான் அங்கே உட்கார முடியவில்லை. காரியம் வரைக்கும் காலையிலும் சாயங்காலமும் நான்தான் காபி போட்டுக் கொடுத்தேன், சித்தி வந்து சோறு வடித்துக் கொடுத்துவிட்டுப் போனாள். புனேயிலிருந்து வந்த மகன் என்னிடம் மரியாதையாகவே பேசினார். "அம்மாவுக்கு மனசு சரியில்லை. காரியம் ஆனதும் நீங்க வேற இடம் பார்த்துக்குங்க" என்றார். சரி என்று தலையாட்டினேன். நான் என்ன வாதாடுவது?

அம்மாவுக்கு போனில் சொன்னபோது அவள் முதல் வார்த்தை என்ன தெரியுமா? "பாத்தியா, ஆடி!" என்றாள். எனக்கு வந்ததே கோபம். "வாயை மூடும்மா" என்று சொல்லிவிட்டேன். வாழ்நாளில் அம்மாவிடம் அப்படிப் பேசியதில்லை. "அடுப்பு எரியலைன்னுதான் அவர் போயிட்டார்னு இங்க ஒருத்தி உக்காந்து அழுதுகிட்டிருக்கா. நீ ஆடிங்கிற. போனவருக்கு இதயம் நின்னு போச்சும்மா, அதைச் சொல்ல இங்க ஒரு ஆள் இல்ல" என்றேன். பதிலுக்கு, "நான் வரேன். உன்னைக் கூட்டிட்டுப் போறேன். படிச்சது போதும்" என்றாள்.

ஆவணி பிறந்ததும் சொன்னபடி வந்து இறங்கினாள். மகன் அஸ்தி கரைக்க ஸ்ரீரங்கப்பட்டணம் போயிருந்தார். என் பெட்டி கட்டித் தயாராக இருந்தது. அம்மா அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அந்தம்மாவைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்காமப் போனா நல்லாயிருக்காது" என்று முன்கட்டுக்கு நடந்தாள். நானும் பின்னால் போனேன்.

வீட்டுக்காரம்மா காலிக் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் பொட்டில்லை. அம்மா அவள் எதிரில் உட்கார்ந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அந்தப் பழக்கம் எல்லாத் துக்க வீட்டிலும் உண்டு. இரண்டு பேரும் கொஞ்சம் அழுதார்கள்.

"உங்க பொண்ணு தங்கமான பொண்ணும்மா" என்றாள் அவள். "அவமேல குத்தம் சொல்லக் கூடாது. ஆனா என் வீட்டுல அடுப்பு எரியலையே. நான் பார்த்துக் கேட்டிருக்கணும், வந்த அன்னைக்கே கேட்டிருக்கணும். கேக்காம விட்டுட்டேன். நான்தான் அவரை விட்டுட்டேன்."

அம்மா பதறிப்போனாள். "ஐயோ, அப்படிச் சொல்லாதீங்கம்மா. நான்தான் பத்த வெக்காதேன்னு சொன்னேன், திட்டுறதா இருந்தா என்னைத் திட்டுங்க. ஆனா அடுப்புக்கும் உசுருக்கும் என்னம்மா சம்பந்தம்? அவருக்கு முடியாம இருந்துச்சு. எவ்வளவு பாத்துப் பாத்துச் செஞ்சீங்க! அவர் ஆயுசு அவ்வளவுதான். நீங்க என்ன பண்ணுவீங்க? உங்க தப்பு ஒண்ணுமே இல்ல."

அம்மா வாயிலிருந்து இப்படியொரு பேச்சு வரும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. அடித்துச் சொன்னாள், சத்தியம் செய்வதுபோல் அவள் கையை அழுத்திக்கொண்டு சொன்னாள். வீட்டுக்காரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"உங்க பிள்ளைக்கு என்ன முடியாம இருந்துச்சு?" என்றாள்.

அம்மா திடுக்கிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"காய்ச்சல்" என்றாள் அம்மா. "மூளைக் காய்ச்சல்னு சொன்னாங்க. அந்த ஊர்ல அப்ப பெரிய டாக்டர் இல்ல. தூக்கிக்கிட்டு ஓடினோம்."

"பாத்துக்கிட்டீங்கதானே?"

"தரையில விடலைங்க. மடியிலயே வெச்சிருந்தேன்."

"அப்புறம் ஏம்மா இத்தனை வருஷமா ஆடிங்கிறீங்க?"

"தெரியலையேம்மா" என்றாள் அம்மா. "தெரியலையே" என்று மறுபடியும் சொன்னாள். அப்புறம் அந்த அம்மாளின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அப்படி ஒரு அழுகையை நான் என் வீட்டில் கேட்டதே இல்லை. புருஷனைப் பறிகொடுத்தவள் என் அம்மாவின் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். கதவோரம் நின்ற என்னிடம், "ஏம்மா, பெட்டியை அப்புறம் பிரிச்சுக்கலாம். போய் அடுப்பைப் பத்த வெச்சு உங்கம்மாவுக்குக் காபி கொண்டு வா" என்றாள்.